அந்தப் பிள்ளைகள் யார் வீட்டுக்குப் போவார்கள்? – குழந்தைகள் நலக் குழுவில் நான் பார்த்தது

(நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



போன கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்கைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியவன் நான்தான். இன்றைக்கு அந்த நோட்டை எடுத்து வரவில்லை, பயப்படாமல் உட்காருங்கள்.

கடந்த சில மாதங்களில் நம் குடியிருப்பிலேயே மூன்று குடும்பத்தினர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு. “பசங்க வெளிநாட்டுல செட்டில் ஆயிட்டாங்க. வீடு வெறிச்சோடிக் கிடக்கு. யாருமில்லாத ஒரு குழந்தையைக் கொண்டுவந்து வளர்க்கலாம்னு பார்க்கிறோம். எங்க சார் போய்க் கேட்கணும்?” ஒருவர் இன்னும் கொஞ்சம் மேலே போய், “அஞ்சு வயசுக்குள்ள, பெண் குழந்தையா இருந்தா நல்லது” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் குழந்தைகள் காத்திருக்கிறார்கள், இன்னொரு பக்கம் வீடுகள் காத்திருக்கின்றன, நடுவில் ஒரு விண்ணப்பப் படிவம், அவ்வளவுதான் என்று. முப்பத்தைந்து வருடம் வங்கி கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு எல்லாமே படிவமாகத்தான் தெரியும்.

நம் குடியிருப்பில் வேலை செய்த ஒரு அம்மா இறந்துபோனார். உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். ஆனாலும் பெயரையோ, என்ன வேலை செய்தார் என்பதையோ நான் சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் வரும். இரண்டு பிள்ளைகள். அக்காவுக்குப் பத்து வயது முடிந்திருந்தது, தம்பிக்கு ஏழு. அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். குடித்தால் பத்து நாள், பதினைந்து நாள் கண்ணில் பட மாட்டார். காரியம் முடிந்த ஒரு வாரத்தில் அவர் காணாமல் போய்விட்டார். பிள்ளைகள் இரண்டும் வாடகை அறையில் தனியாக இருப்பது தெரிந்து, நம் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஆரம்பித்தது. மூன்றே நாளில் 62,000 ரூபாய் சேர்ந்தது. அதற்கு முன்னால் நின்றவன் நான். உறைவிடப் பள்ளி ஒன்றை விசாரித்தேன். ஆங்கில வழி, சுத்தமான விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு. நல்ல மனிதர்கள், கட்டணத்திலும் சலுகை தர ஒப்புக்கொண்டார்கள். அக்கா பெண்கள் வளாகத்தில், தம்பி சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் பையன்கள் வளாகத்தில். எனக்கு ஒரே பெருமை.

அதற்குள் நம்மில் ஒருவர் 1098-க்கு ஃபோன் செய்துவிட்டார். அது குழந்தைகள் உதவி எண். அவர் செய்ததுதான் சரி. பெற்றோர் பராமரிப்பு இல்லாமல் ஒரு குழந்தை இருப்பது தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு சொல்கிறது. சொல்லாமல் இருந்தால் அது குற்றம், அதற்குத் தண்டனையும் உண்டு. அன்றைக்கு எனக்கு இது தெரியாது. ‘நாமே முடித்திருப்போமே, எதற்கு அரசாங்கத்தை இழுக்கிறார்’ என்று அவர்மேல் எரிச்சல்தான் பட்டேன்.

மறுநாளே பிள்ளைகளைக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் நிறுத்தினார்கள். நானும் துணைக்குப் போனேன். கையில் ஒரு ஃபைல். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், பள்ளிச் சான்று, விடுதியின் சம்மதக் கடிதம், வசூல் பட்டியல், எல்லாம் வரிசை எண் போட்டு. டோக்கன் வாங்கினோம், கையெழுத்துப் போட்டோம், வந்தோம் என்று முடிந்துவிடும் என நினைத்திருந்தேன்.

இந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாவட்டத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். குறைந்தது ஒருவர் பெண். மாதத்தில் 20 நாளாவது கூட வேண்டும். குற்றவியல் நடுவருக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கும் உண்டு. ஆனால் நீதிமன்றம் மாதிரி உயரமான மேஜையும் கூண்டும் அங்கே கிடையாது. இறுதி முடிவு எடுக்கும்போது மூன்று பேராவது இருந்தாக வேண்டும். வங்கியில் பெரிய தொகைக்கு ஒருவர் கையெழுத்துப் போதாது இல்லையா, அதுபோல.

என் ஃபைலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். “நீங்க வெளியில உட்காருங்க சார், பிள்ளைங்க கிட்டே பேசிட்டுக் கூப்பிடறோம்” என்றார் தலைவர் அம்மா. நாற்பது நிமிடம் வெளியே பெஞ்சில் இருந்தேன். குழந்தை சொல்வதைத் தனியாகக் கேட்பது அங்கே வழக்கமான நடைமுறை. குழந்தையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதன் விருப்பத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்பது சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. எனக்கு அது புதிது. விடுதியைப் பார்த்தேன், கட்டணம் பேசினேன், சீருடை அளவுகூட எடுக்கச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். முதலில் எனக்குக் கிடைத்தது ஒரு கண்டிப்பு. வசூலுக்காக அந்தப் பிள்ளைகளின் புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் போட்டிருந்தேன். அது எங்கெங்கோ சுற்றி அவர்கள் கைக்கே வந்திருந்தது. பராமரிப்புத் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக்கூடாது, அது 74-ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்றேன். எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள் என்றார் ஓர் உறுப்பினர். அங்கேயே அழித்தேன். மற்றவர்கள் கைபேசியில் இருந்ததை அழிக்க ஒரு வாரம் ஆயிற்று. நான் ஏன் பெயர் சொல்லவில்லை என்று இப்போது புரியும். இங்கேயும் சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

அன்றைக்கு இறுதி முடிவு எதுவும் இல்லை. சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும், அதற்கு 15 நாள் கெடு. குழந்தையை முதலில் நிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு போட வேண்டும். அதுவரை அக்காவைப் பெண் குழந்தைகள் இல்லம் ஒன்றிலும் தம்பியை வேறோர் இல்லத்திலும் தற்காலிகமாக வைத்தார்கள். இருவரையும் சேர்த்து வைக்க அன்றைக்கு இடமில்லை. வேனில் ஏறும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, தம்பி ராத்திரி தனியாப் படுக்க மாட்டான், அங்க சொல்லிடுங்க” என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. எந்த ஊர், என்ன பள்ளி, என்ன சாப்பாடு, ஒன்றுமே இல்லை. எதிரெதிர் வளாகம் என்று நான் பெருமையோடு ஏற்பாடு செய்திருந்ததும் இதையேதானே என்று வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒரு சமூகப் பணியாளர் வந்தார். சின்ன வயதுப் பெண், ஸ்கூட்டி, தோளில் பை. அவர் அலைந்த அலைச்சல் சாதாரணமில்லை. அப்பாவைத் தேடிப் பிடித்தார். அப்பாவின் ஊருக்குப் போனார். வகுப்பு ஆசிரியையிடம் பேசினார். அம்மாவின் தங்கை ஒருவர் முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார். நாங்கள் 62,000 ரூபாய் சேர்த்தோமே தவிர, அந்தச் சித்தி ஒருத்தி இருக்கிறாள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. காரியத்துக்கு வந்து அழுதுவிட்டுப் போன பத்துப் பதினைந்து பேரில் அவளும் ஒருத்தி.

இதற்கிடையில் நம் குடியிருப்பில் ஒரு தம்பதி, இரண்டு பிள்ளைகளையும் நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று படுக்கையறை வீடு, நல்ல ஓய்வூதியம், தங்கமான மனசு. ஆக, குழுவின் முன்னால் நான்கு வழி இருந்தது. அப்பா, சித்தி, இந்தத் தம்பதி, என் விடுதி. கடன் விண்ணப்பம் மாதிரி நான் மனசுக்குள் மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். தம்பதிக்கு முதலிடம், விடுதிக்கு இரண்டாமிடம். சித்தி வீடு இரண்டே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கணவர் டிராக்டர் ஓட்டுகிறவர், சொந்தமாக ஒரு குழந்தை. என் கணக்கில் அவள் பரிசீலனைக்கே வரவில்லை.

குழு பிள்ளைகளைச் சித்தியிடம் கொடுத்தது.

எனக்குக் கோபம் வந்தது. ஈடு இல்லாதவனுக்குக் கடன் கொடுத்துவிட்டு, ஈட்டோடு வந்தவனைத் திருப்பி அனுப்புகிற மேனேஜரைப் பார்த்த மாதிரி. கேட்டே விட்டேன். அந்தத் தலைவர் அம்மா பொறுமையாகச் சொன்னது இதுதான். எந்த வீடு வசதி என்று பார்க்க அங்கே யாரும் உட்காரவில்லை. அம்மா போய்விட்டாள், அப்பா இருந்தும் இல்லை, வாடகை அறையும் போய்விட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு மிச்சம் இருப்பது என்ன? அக்காவுக்குத் தம்பி, தம்பிக்கு அக்கா. அம்மாவின் சாயல் உள்ள ஒரு முகம். அம்மாவைப் பற்றிப் பேச ஆள். வருடத்துக்கு ஒருமுறை போய்வந்த ஊர், அங்கே தெரிந்த நாலு பிள்ளைகள். இதில் எதையும் பறிக்காமல் ஓர் இடம் கிடைக்குமா என்றுதான் முதலில் தேட வேண்டும். அப்படி இடமே இல்லை என்றால்தான் அடுத்தது.

அந்த வரிசை அவர்கள் சொந்தமாக வைத்துக்கொண்டது இல்லை. சொந்தக் குடும்பத்துக்குத் திரும்ப முடியுமா என்பது முதல் கேள்வி. அப்பாவைக்கூட உடனே தள்ளிவிடவில்லை. போதை மறுவாழ்வுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள், பிள்ளைகளை வந்து பார்க்க அனுமதித்தார்கள். குடும்பத்துக்கு முடியாது என்றால் உறவினர். உறவினரும் இல்லை என்றால் தெரியாத ஒரு நல்ல குடும்பம். இதைத்தான் வளர்ப்புப் பராமரிப்பு என்கிறோம், சட்டத்தில் 44-ஆம் பிரிவு. இல்லம், விடுதி எல்லாம் கடைசி. வேறு வழியே இல்லாதபோதுதான் குழந்தையை நிறுவனத்தில் சேர்க்க வேண்டும் என்று அதே 3-ஆம் பிரிவு சொல்கிறது. நான் கடைசியிலிருந்து ஆரம்பித்திருந்தேன். உடன்பிறந்தவர்களைப் பிரிக்காமல் வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்பதும் 44-ஆம் பிரிவில் உண்டு, சேர்த்து வைப்பது அவர்களுக்கே நல்லதில்லை என்றால் தவிர.

ஏழை என்பதால் சித்தியைத் தள்ள முடியாது, ஏழ்மைக்குத் தனியாக மருந்து இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப வருமானம் கிராமத்தில் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குள்ளும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். இங்கேதான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பணம் வரக் கணக்கு வேண்டுமே. சித்தி இயற்கைப் பாதுகாவலர் இல்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் குழுவின் உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு போய், இதைவிட என்ன சான்று வேண்டும் என்று உட்கார்ந்தேன். அங்கே சட்டையை மடித்துவிட்டுப் பேசியது எனக்கே பழைய நாள் மாதிரி இருந்தது. இரண்டாம் முறை போனபோது கணக்கு திறந்தது.

வசூல் பணத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். விடுதித் திட்டம் இல்லை என்றானதும் மூன்று வீட்டார் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்தேன், தப்பாகச் சொல்லவில்லை. மீதியில் சித்தி வீட்டுக் கூரைக்கு ஒரு பகுதி போனது, பாக்கி அந்தப் பெண் பேரில் வைப்பில் இருக்கிறது. கணக்கு என்னிடம் உண்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

குழுவின் முடிவு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடு உண்டு. பொதுவாக அது குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். வளர்ப்புப் பராமரிப்பும் நிதி ஆதரவும் சம்பந்தப்பட்டதென்றால் கலெக்டரிடம் போக வேண்டும். 30 நாள் அவகாசம். நம்மில் ஒருவர் போகலாம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராமத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். தம்பி கணக்கில் இன்னும் மட்டம்தான். ஆனால் அக்கா பக்கத்தில் பாய் விரித்துத் தூங்குகிறான்.

இப்போது அந்தத் தம்பதி விஷயம். அவர்கள் அனுமதியோடுதான் சொல்கிறேன், என்றாலும் பிளாக் சொல்ல மாட்டேன்.

அந்த இரண்டு பிள்ளைகள் கிடைக்கவில்லை என்று அவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. வளர்ப்புப் பெற்றோராக முறைப்படி பதிந்துகொண்டார்கள். என்னிடம் கேட்ட மூன்று குடும்பத்தாரும் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தத்து வேறு, வளர்ப்புப் பராமரிப்பு வேறு. தத்தில் அந்தக் குழந்தை சட்டப்படி உங்கள் குழந்தை ஆகிறது. வளர்ப்பில், அது இன்னொருவர் குழந்தை, உங்கள் வீட்டில் வளர்கிறது, அவ்வளவுதான். தத்துக்குத் தகுதியான குழந்தையை நீண்டகால வளர்ப்புக்குக் கொடுக்கவே கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதனால் “அஞ்சு வயசுக்குள்ள பெண் குழந்தை” இந்த வழியில் வராது. வளர்ப்புக்கு வருகிறவர்கள் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள். ஆஸ்பத்திரியிலோ வேறு எங்கோ ‘நேரடியாகக் கொடுக்கிறார்கள்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது சிறைக்குப் போகிற வழி. முறையான விண்ணப்பத்துக்கு மத்திய அரசின் இணையதளம் இருக்கிறது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் விசாரிக்கலாம். 2024-இல் வந்த புதிய நெறிமுறைப்படி, தம்பதிகள் மட்டும் இல்லை, திருமணமாகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர் தனியாகவும் விண்ணப்பிக்கலாம். தனி ஆண் என்றால் ஆண் குழந்தை மட்டும்.

வீட்டைப் பார்க்க மூன்று முறை வந்தார்கள். மாடுலர் கிச்சனையும் இத்தாலி மார்பிளையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அந்த அம்மாவுக்கு முதலில் கொஞ்சம் வருத்தம். குழந்தைக்கென்று அலமாரி எது, எங்கே படுக்கும், அதன் கதவு உள்ளிருந்து திறக்குமா என்று பார்த்தார்களாம். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் வீடியோ அழைப்பில் பேசினார்கள், அவனுக்குச் சம்மதமா என்று. மருத்துவச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு, வருமானம் எல்லாம் வழக்கம்போல. தெரிந்தவர்கள் என்று இரண்டு பேரைக் கேட்டார்கள். அதில் ஒருவன் நான்.

என்னிடம் அந்தப் பணியாளர் கேட்ட முதல் கேள்வி, “சாருக்குக் கோபம் வருமா?” என்பது. பார்க்கிங் விஷயத்தில் சார் எப்படி என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். (சிரிக்காதீர்கள், அவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.) உள்ளதைச் சொன்னேன். சத்தம் போடுவார், பத்து நிமிடத்தில் அவரே வந்து பேசுவார், கை நீட்டிப் பார்த்ததில்லை என்றேன். கோபத்துக்கு அப்புறம் என்ன செய்வார் என்பதைத்தான் அந்தப் பெண் குறித்துக்கொண்டார். கெடுத்துவிட்டேனோ என்று ஒரு மாதம் எனக்குத் தூக்கமில்லை.

முதலில் ஒரு பெண் குழந்தையைப் பற்றிப் பேச்சு வந்தது. வீட்டில் பேசுவது, பள்ளியில் படிப்பது எல்லாமே தெலுங்கு. நான் கற்றுக்கொள்கிறேன் என்று அம்மா மன்றாடினார். அவளுக்குத் தெலுங்கு பேசும் குடும்பம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது, உங்களுக்குக் காத்திருக்க முடியும் இல்லையா என்றார்கள். காத்திருந்தார்கள்.

பிறகு அந்தப் பையன். பன்னிரண்டு வயது. அப்பா இல்லை. அம்மா மனநல மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தார். பார்த்துக்கொள்ள உறவில் அப்போது யாரும் முன்வரவில்லை. உடனே கூட்டி வந்துவிடவில்லை. முதலில் இல்லத்திலேயே சந்திப்பு. அடுத்தது ஒரு ஞாயிறு மாலை கடற்கரை. அதற்கடுத்து இரண்டு நாள் இங்கே தங்கிப் பார்த்தான். அப்புறம் அவனைத் தனியாக வைத்துக் கேட்டார்கள். அவன் திருப்பிக் கேட்டது இரண்டே கேள்வி. “அங்க நாய் இருக்கா?” இன்னொன்று, “அம்மா வந்தா கேட்டுல விடுவாங்களா?”

இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டே, விடுவார்கள் என்று பதில் சொன்னார்கள். ஆனால் நாம் விடவில்லை. பெற்றவர் வந்து பார்க்கலாம் என்பது சட்டம். குழந்தைக்கு அது கெடுதல் என்று குழு காரணம் எழுதித் தடுத்தால் ஒழிய, அது அவர்கள் உரிமை. அம்மாவுக்கு உடம்பு தேறி, தன் அண்ணனோடு முதல்முறை வந்தார். செயலியில் பெயர் இல்லை. அந்த வீட்டில் ஃபோன் எடுக்கவில்லை. காவலாளி ‘வீட்டு வேலை’ என்று பதிவு செய்து, அடையாள அட்டை இல்லை என்று நிறுத்திவிட்டார். முக்கால் மணி நேரம் வெயிலில். பையன் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் ஓடினான். அப்புறம் நம் செயலாளர் செயலியில் ‘குடும்பத்தினர்’ என்று அந்த அம்மாவின் பெயரை நிரந்தரமாகச் சேர்த்தார். அதற்கு ஆட்சேபணை எழுப்பிய இரண்டு பேரைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

அவனும் அந்த அம்மாவை ‘அம்மா’ என்று கூப்பிடவில்லை. கூப்பிடச் சொல்லாதீர்கள் என்று ஆற்றுப்படுத்துநர் முதல் நாளே சொல்லியிருந்தார், அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று. ஆன்ட்டி, ஆன்ட்டி என்று இருந்து, மூன்றாம் மாதம் ‘அத்தை’ ஆனது. அதைச் சொல்ல அவர் என் வீட்டுக் கதவைத் தட்டியது எனக்கு நினைவிருக்கிறது. மாதா மாதம் ஆய்வுக்கு வருவார்கள், பையனிடம் தனியாகப் பேசுவார்கள். நம் ஆட்களில் சிலர், “என்ன, போலீஸ் கேஸா?” என்று காதைக் கடித்தார்கள். குடும்பம் சரியில்லை என்று தெரிந்தால் குழந்தையை வேறு குடும்பத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் அந்த வருகை.

இரண்டு வருடம் வளர்த்தால் தத்து எடுத்துக்கொள்ளலாமாமே என்று சாருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. முன்பு ஐந்து வருடம் இருந்ததை 2024-இல் இரண்டாகக் குறைத்தார்கள், உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தை சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். இவனுக்கு அம்மா இருக்கிறார், அவர் விட்டுக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். வந்த அன்றே இதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட்ட கை வேறு, மனசு வேறு.

பதினாலாவது மாதம் அம்மாவின் உடல்நிலை பற்றி மருத்துவர் அறிக்கை வந்தது. அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்திருந்தார்கள். தையல் வேலை கிடைத்திருந்தது. குழு மறுபடியும் பையனைத் தனியாகக் கேட்டது. அம்மாவிடம் போகிறேன் என்றான். அத்தையும் வரட்டும் என்றானாம். முதலில் சனி ஞாயிறு மட்டும், பிறகு காலாண்டு விடுமுறை முழுவதும், பிறகு நிரந்தரமாக. அந்த உத்தரவு வந்த அன்றைக்குச் சார் என்னிடம் வந்து, “நீங்களும் குழுக்காரங்க கூடச் சேர்ந்துட்டீங்க, சொல்லுங்க சார், எங்க வீட்டுல அவனுக்கு என்ன குறை?” என்று கேட்டார். என் வீடு கேட்கிற அளவுக்குச் சத்தமாக. குறை எதுவும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் சித்தி வீட்டு விஷயத்தில் நான் கேட்டதும் இதே கேள்விதான். தலைவர் அம்மா எனக்குச் சொன்ன பதிலை அவருக்கு என்னால் சொல்ல முடியவில்லை. காபி போடச் சொன்னேன். அன்றைக்குப் பத்து நிமிடத்தில் அவர் திரும்பி வரவில்லை, பத்து நாள் ஆயிற்று.

இந்த அக்டோபரில் அவர்கள் மறுபடியும் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்கள். மறுபடியும் என்னிடம் விசாரணைக்கு வந்தார்கள். கோபம் வருமா என்று இந்த முறையும் கேட்டார்கள்.

கேள்விகள் இருந்தால் அப்புறம் பேசலாம், டிபன் ஆறிக்கொண்டிருக்கிறது. செயலாளருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். அடித்தளத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் சைக்கிள்களை அடுத்த மாதம் பழைய இரும்புக்குப் போடப்போவதாக அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். தூணோரம் சங்கிலி போட்டு ஒன்று நிற்கிறது, எது என்று உங்களுக்கே தெரியும். அதில் சீட்டு ஒட்டாதீர்கள். அரையாண்டு விடுமுறைக்கு வருகிறேன் என்று ஃபோன் செய்திருக்கிறான். காற்று மட்டும் அடித்து வைக்க வேண்டும்.